தோட்டக்காரர் பறித்துக் கொடுத்த கீழாநெல்லி

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை வந்தது. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. முதலில் கண் மஞ்சளித்தது, பிறகு நகம். தெருமுனை கிளினிக்கில் இருக்கும் டாக்டரம்மா நம் தமிழ்க்காரர்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொதிக்கவைத்த தண்ணீர், எண்ணெய் இல்லாத சாப்பாடு, முழு ஓய்வு என்றார். பத்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்.

"இதுக்கு மாத்திரையே கெடையாதாம்லா. பொறவு எதுக்கு டாக்டரு?" என்று இவர் படுத்தபடியே சலித்துக்கொண்டார். "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடு. எங்க ஊர்ல எல்லாரும் அதத்தான் குடிப்பாவ."

"இங்க செடிக்கு எங்க போவ? தரையெல்லாம் சிமெண்டுல்லா போட்டுக் கெடக்கு" என்றேன்.

நான் செம்பூரில் ஒரு குடியிருப்பில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கிறேன். மறுநாள் வேலை முடிந்ததும் அங்கே தோட்டத்து ஓரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். மராட்டிக்காரர், அறுபது வயதிருக்கும். எனக்குச் செடியின் இந்திப் பெயர் தெரியவில்லை. சின்னச் சின்ன இலை, அதற்கு அடியில் வரிசையாகக் கடுகு மாதிரிக் காய் என்று விரலால் காட்டினேன். அவர் பிடுங்கிப் போட்டிருந்த குவியலிலிருந்தே ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"புயி ஆவ்ளா" என்றார். தரை நெல்லி. அவர்கள் பாஷையிலும் அது நெல்லிதான் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். புதிதாக ஒரு பிடி பறித்து, குழாயடியில் மண் போகக் கழுவித் தந்தார். பிறகு மெதுவாகத் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவனுக்கும் இதே காமாலைதான். இதை மட்டுமே நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது.

"டாக்டர் கோ பீ திகாவோ" என்றார். டாக்டரிடமும் காட்டு என்று.

தினமும் காலையில் அரைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் இவருக்குப் பசி எடுத்தது. பத்தாம் நாள், "ஒடம்பு நல்லாத்தான இருக்கு. சும்மா எதுக்கு ரத்தம் குடுக்கணும்?" என்றார். நான் சண்டை போடவில்லை. அந்தத் தம்பியின் கதையைச் சொன்னேன். எழுந்து சட்டையை மாட்டினார்.

ரத்தத்தில் காமாலையின் அளவு குறைந்திருந்தது, ஆனால் இன்னும் அதிகம்தான். திட்டுவார் என்று பயந்துகொண்டே கீழாநெல்லி கொடுத்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"இப்போதைக்கு நிறுத்திருங்கம்மா. வேற எதுவும் கலக்காம இருந்தாத்தான் எனக்குத் தெளிவாத் தெரியும்."

நிறுத்தினோம். மேலும் ஒரு மாதம் கழித்து முழுதாகச் சரியானது. செடியா, ஓய்வா, தானாகவே போனதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் என்னோடு செம்பூருக்கு வந்தார். தோட்டக்காரர் பக்கத்தில் மதில் ஓரமாக உட்கார்ந்து இந்தியில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலை முடித்து இறங்கி வந்தபோது, தோட்டக்காரர் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்தார். கல்யாண மாலையோடு நிற்கிற அவருடைய தம்பி. இவர் அந்தப் போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.