பெரியப்பா வேண்டாம் என்ற படம்

சாயங்காலம் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் நான் டி.வி.யில் மூன்று நாடகம் பார்த்து முடித்திருக்க வேண்டும். அண்ணாமலை நகருக்கு வந்ததிலிருந்து மருமகள் எனக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் இது. "எத பசங்க பாக்கலாம், எது வேணாம்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் ஆபீசுக்குப் போய்விடுவாள். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். என்னத்தைப் பார்க்கிறது? ஒரு அறை விழுந்தால் அதையே மூன்று தடவை காட்டுகிறார்கள். மாமியார்காரி பட்டுப்புடவையும் அட்டிகையுமாகப் படுத்துத் தூங்குகிறாள். பாலில் விஷம் கலக்கிறவள் அடுப்படிக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. இதற்குக் குடும்ப நாடகம் என்று பெயர். நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எனக்கே இது பொறுக்கவில்லை.

போன வாரம் ஒரு நாடகத்தில் காணாமல் போன பெண் திரும்பி வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். கை தட்டினார்கள். நான் பெட்டியை அணைத்துவிட்டேன்.

"இதுல என்னா ஆயா தப்பு?" என்று பெரியவன் முறைத்தான்.

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவள்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

காடாம்புலியூரில் எங்கள் வீட்டுக்கு என் பெரியப்பாதான் சென்சார். ஊருக்கு வெளியே முந்திரித்தோப்பை ஒட்டி டெண்டு கொட்டகை போட்டிருந்தார்கள். படம் மாறியதும் முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு அவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் காலையில் தீர்ப்பு வரும். "போங்க" என்றால் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் போகலாம். "வேணாம்" என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கக் கூடாது.

அந்தத் தீர்ப்பில் ஏதாவது நியாயம் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கத்திக்குத்துப் படத்துக்குப் போங்க என்றார். பேய்ப் படத்துக்குப் போங்க என்றார். பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் ஒன்றுக்குப் போகத் தனியாக எழுந்திருக்காமல் படுத்திருந்தேன். ஒரு படத்தில் பச்சைக் குழந்தை செத்தே போனது. அதற்கும் போங்க. ஆனால் ஊரே கொண்டாடிய ஒரு பிள்ளைகள் படத்துக்கு மட்டும் வேணாம் என்றுவிட்டார். என் வகுப்பில் எல்லாரும் அந்தப் படத்துப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு முதல் அடிகூடத் தெரியாது.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்களுக்கு வேணாம் என்ற படத்துக்கு அவர் மட்டும் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நான்கு நாள் போனார். இப்படி ஒரு அநியாயம் உண்டா?

ஐந்தாம் நாள் எதிர் வீட்டு அக்கா, தன் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிப் போனாள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். நான் மணலில் உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் தப்பைத் தேடினேன். சண்டை இல்லை. அசிங்கமான ஆட்டம் இல்லை. குடிக்கிறவன் ஒருவன் வந்தான், அவனும் கடைசியில் திருந்திவிட்டான். ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

மறுநாள் பெரியம்மா பின்கட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அவள் கைக்கு ஈடு கிடையாது. கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் பருப்பு முழுசாக வெளியே வரும். அவளுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எனக்குத் தெரியும், அதனால்தான் என்னை மடியில் போட்டு வளர்த்தாள் என்று நினைத்திருந்தேன். என் கட்சிக்கு ஆள் சேர்க்க அவளை விட்டால் யார்? பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன்.

"திருவிழாக் கூட்டத்துல அம்மா கையவிட்டு அந்தப் பையன் தொலஞ்சி போயிடறான் பெரியம்மா. அப்பறம் பெரியவனாயி அதே ஊருக்கு வர்றான். அம்மா அவனத் தாலாட்டுன பாட்டப் பாடுறா. அவன் ஓடிவந்து கட்டிக்கிறான். அவ்வளதான் படம். இதுல என்னா தப்பு?"

பெரியம்மாவின் கட்டை நின்றது. "எத்தினி வருசம் கழிச்சி வந்தான்?"

"பன்னண்டு."

சினிமாக்காரர்களுக்கு எப்போதும் பன்னிரண்டு வருடம்தான் கணக்கு. பெரியம்மா அதற்குப் பிறகு உடைத்த கொட்டையெல்லாம் இரண்டாகவும் நான்காகவும் உடைந்தது. "அதே எடத்துலதான் வந்து நின்னானா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அதே எடம்தான் என்று அடித்துச் சொன்னேன்.

விடிந்து பார்த்தால் பெரியம்மாவைக் காணோம். முதல் பஸ்ஸில் ஏறியதை டீக்கடைக்காரர் பார்த்திருந்தார்.

நான் கதை சொன்னது தெரிந்ததும் அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. "பெரியம்மாகிட்ட போயி எதுக்குடி அதச் சொன்ன? ஊருல வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?"

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஒரு பையன் இருந்தான். நான்கு வயதில், சிதம்பரத்துத் தேர் பார்க்கப் போன இடத்தில், கீழ வீதிக் கூட்டத்தில் அவள் கையை விட்டுப் போனவன் கிடைக்கவே இல்லை. தேடித் தேடி அவள் வருடக்கணக்கில் அந்தத் தெருவிலேயே கிடந்தாளாம். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவளை மீட்டுக்கொண்டு வந்து, அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காமல் ஒரு மனுஷியாக உட்கார வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டாமா? சந்தோஷம்தான் வந்தது. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். அவன் தொலைந்தும் சரியாகப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. படத்தில் வந்த மாதிரியே வந்துவிடுவான். அம்மா எதற்கு என்னை அடிக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. "அவ ஒன் பேச்சதான் கேப்பா. கூட வா" என்றார். நான் அண்ணனுக்காக ஒரு கை முந்திரிப்பருப்பைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். முழுப் பருப்பாகப் பார்த்துப் பொறுக்கியது.

வடலூரில் பஸ் மாறிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. திருவிழாவும் இல்லை, கூட்டமும் இல்லை. தேரைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அதன் நிழலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். சைக்கிளில் காலேஜ் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து முணுமுணுவென்று ஒரு தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்கிற எனக்கே சரியாகக் கேட்காத குரல். இப்படிப் பாடினால் யாருக்குக் கேட்கும்?

"சத்தமாப் பாடு பெரியம்மா. சினிமால அவுங்க சத்தமாதான் பாடுனாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாகப் பாடினாள். பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் யார் குரலையும் உயர விடாத மனுஷன், நடுத்தெருவில் அவள் தொண்டை கட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"நேரமாவுது. பஸ்ஸு போயிடும்" என்றார் கடைசியில்.

"இன்னொரு தடவ பாடிட்டு வரட்டுமா?"

"பாடு" என்றார்.

திரும்பும்போது பெரியம்மா முன் இருக்கைக் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் முடிச்சை அவிழ்த்துப் பருப்பைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "நீயே தின்னு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படம் எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"நல்லாருந்திச்சி. ஒரு தப்பும் இல்ல."

"ஆமாம். ஒரு தப்பும் இல்ல."

ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வாயில் பருப்போடு கேட்டேன்.

"அப்பறம் எங்களுக்கு மட்டும் வேணாம்னுட்டு, நீங்க மட்டும் ஏன் நாலு நாளும் போனீங்க?"

 பெரியப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காடாம்புலியூர் வரும் வரைக்கும் திருப்பவே இல்லை.

சரியாக மாட்டிக்கொண்டார், அந்த வெட்கம்தான் என்று நினைத்து, மிச்சப் பருப்பையும் தின்று முடித்தேன்.