தவளைக்கு ஓர் அருவி

அந்தக் கோடையில் எங்களைச் சேர்ந்தவற்றில் ஓரிடத்தில் நிம்மதியாக இருந்தவை அத்தாவின் கடையில் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும்தான். அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அம்மாவும் அத்தாவும் நாளுக்கொரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவோ சோறு தின்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தாள். அவள் ஏறினால் பின்னாலேயே அம்மா ஏறுவாள். அம்மா ஏறினால், ஏதாவது விட்டுப்போய்விடப் போகிறதே என்று நானும் ஏறுவேன். கள்ளக்குறிச்சி வெயிலில் அந்தத் தளம் தோசைக்கல்லாகச் சுடும். மூன்று பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்போம்.

மேற்கே பின் தெரு இருந்தது. அதில் வயசுப் பையன்கள் இருக்கிற வீடுகள் சில உண்டு. அம்மா அவற்றைப் பார்த்தாள். அக்கா பார்த்தது அதற்கும் அப்பால், கல்வராயன் மலைமேல் மேகம் கட்டுகிறதா என்று. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா நம்பியிருக்க மாட்டாள்.

கதையை மாமாவிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருந்தார். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாக ஒரு லேப்டாப் கொடுத்திருந்தார்கள். திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து, எந்த வழியாகப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். ஊரில் எல்லோரும் முதல் வரி வழியாகத்தான் போனார்கள். இரண்டாவது வரியில் லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளம் இருப்பதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. மாமா சாயங்காலமானால் பென் டிரைவில் படம் கொண்டுவந்து ஏற்றுவார். படத்தோடு வைரஸும் ஏறிக்கொண்டது. ஒரு நாள் முதல் வரி வழியாகப் போனால் நீலத் திரையில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. “ஓசில வந்த சாமான் இவ்ளோதான் உழைக்கும்” என்று மாமா கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அக்கா விடவில்லை. கீழ் அம்புக்குறியை அழுத்தி இரண்டாவது வரிக்குள் போனாள். போனவள் திரும்பி வரவில்லை என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அங்கே இருந்த விளையாட்டுகள் வேறு மாதிரி. சுடுவதும் காரை மோதுவதும் கம்மி. பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. யாரோ ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர், பிழைப்பைப் பார்த்த நேரம் போகத் தம் வீட்டில் உட்கார்ந்து செய்தவை. ஒன்றில் நாம்தான் காற்று. காயப்போட்ட துணியைக் கீழே தள்ளாமல் ஒரு தெருவைக் கடக்க வேண்டும். இன்னொன்றில் ஒரு கிழவர் வீடு முழுக்கச் சாவி தேடுவார், கடைசியில் எந்தக் கதவுமே பூட்டியிருக்காது. விலை கிடையாது. எப்படிச் செய்திருக்கிறது என்று உள்ளே பிரித்துப் பார்க்கலாம். பிடிக்காததை மாற்றலாம். நன்றாக மாற்றினால் செய்தவரே அதை வாங்கிச் சேர்த்துக்கொள்வார். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அக்காவுக்குக் கால் தரையில் பாவாது.

“ஓட்டல்ல போயி கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னா, உள்ள கூப்ட்டு கரண்டிய குடுப்பானாடி? இவங்க குடுக்கறாங்க” என்பாள்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் அம்மா அடியில் உள்ள பெயர்கள்வரை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அதேபோல, விளையாட்டு முடிந்ததும் ஓடுகிற பெயர்களை அக்கா ஒன்று விடாமல் படிப்பாள். இவர் படம் போட்டவர், இவர் பாட்டுக்காரர், இந்த அம்மாள் ஜப்பானிலிருந்து பிழை திருத்தினாள் என்று எனக்கு உறவுமுறை சொல்லிவைப்பாள். அந்த வரிசையில் தன் பெயர் ஒரு தடவையாவது வந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவளுக்கு அப்போது வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவள் உயிரை வைத்திருந்தது ஒரு தவளை விளையாட்டின்மேல். கிணற்றை விட்டு வெளியே வந்த தவளை ஒன்று, ஆற்றை எதிர்த்துப் போய் மலை ஏறும். செய்தவர் ஹாலந்துக்காரர். மலையில் ஓர் அருவி வரும், ஆனால் சத்தமே இருக்காது. தன் ஊர் தட்டையான ஊர் என்றும், அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் அந்த மாதக் கடைசியில் வரும் புதிய பதிப்பில் சேர்ப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். அக்கா முதலில் அத்தா கடையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்துப் பதிந்து அனுப்பினாள். குளியலறை அருமையாக இருக்கிறது, அருவி கிடைத்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்து வீடுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் மலையில் அருவி உண்டு. ஆனால் அந்த வெயிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்குத்தான் மாடியும் மேகமும்.

தனக்குத்தானே சிரிக்கிறாள், சனிக்கிழமை தவறாமல் பிரவுசிங் சென்டர் போகிறாள், மாடியில் நிற்கிறாள், வாயைத் திறந்தால் ‘அவரு’ என்கிறாள். ஒரு தாய்க்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கையில் ஒரு பிடி பொட்டுக்கடலையைக் கொடுத்தாள்.

“அவரு அவருன்னு பேசிக்கினு கெடக்கறாளே, யார்டி அது?”

“பேரு வாயில நுழைய மாட்டேங்குதும்மா. தவளை வச்சிருக்காரு.”

அம்மா கொடுத்த கடலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விஷயம் மாமாவுக்குப் போனது. மாமா நெடுநேரம் யோசித்து, தவளை வைத்திருக்கிறவன் என்றால் விலங்கியல் டியூஷன் வாத்தியார்தான் என்று துப்புத் துலக்கினார். அப்படி மட்டும் ஏதாவது இருந்தால் கல்லூரியும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா காதிலும் அது விழுந்தது. விழுந்தும் அவள் மாடி ஏறுவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, மலையில் இடி உருண்டது. ராத்திரி முழுக்க அக்கா புரண்டு புரண்டு படுத்தாள். காலையில், கச்சிராயபாளையத்துத் தோழிக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி என்னையும் கிளப்பினாள். பையில் புத்தகம் இல்லை, லேப்டாப் இருந்தது. மாமா கடையைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். முகத்தை மறைக்க வீட்டிலிருந்து ஒரு குடை எடுத்து வந்திருந்தாள். வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அத்தா அச்சடித்ததில் மீந்துபோன குடை. அதில் எங்கள் கடைப் பெயர் மஞ்சள் எழுத்தில் சுற்றிலும் இருந்தது. படித்த பிள்ளை, அது தோன்றவில்லை. குடைக்குள் நாங்கள் பத்திரமாக ஒளிந்துகொண்டு போக, அத்தா கடை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுவதை மாமா கடையிலிருந்தபடியே பார்த்திருக்கிறார். உடனே இறக்கியிருக்கலாம். ஆளோடு பிடிக்க வேண்டும் என்று விட்டுப் பிடித்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறினோம். அக்கா சீட்டில் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீர் இருக்கா இருக்கா என்று கண்டக்டரை நச்சரித்தாள். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் சாலையோரத்திலேயே விழுகிற அருவி அது. இருந்தது. சிவப்பாக, மண்ணும் சருகுமாக, முதல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “நீ வாயத் தொறந்த, அவ்ளோதான்” என்றாள். ஒரு பாறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சாரல் படாமல் நான் குடை பிடிக்க, பதிய ஆரம்பித்தாள். குரங்கு கத்தியது. மேலே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கை கடுத்தது, மூக்கு அரித்தது, ஆனாலும் அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பான வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் மாமாவின் பைக் வந்து நின்றது. வண்டியைச் சரியாக ஸ்டாண்ட் போடக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

“எங்கடி அவன்?”

அவர் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். ஒரு புதரைக் காலால் விலக்கினார். மறுபடி வந்து அதையே கேட்டார். அக்கா லேப்டாப்பிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

“இங்க யாரும் இல்ல மாமா. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நேரம் கை ஒடியக் குடை பிடித்தவள் நான். “நானும் இருக்கேன்!” என்று கத்திவிட்டேன்.

கீழே இறங்கும் வழியில் மாமா டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தவளையை, ஹாலந்துக்காரரை, சத்தத்தை. மாமா வியாபாரி, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“அந்த ஆளு காசு குடுப்பானா?”

“இல்ல மாமா.”

“நீ குடுக்கணுமா?”

“இல்ல.”

“அப்பறம் உனுக்கு இன்னாடி லாபம்?”

“எம் பேரு வரும்.”

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டார். பையன் ஒருவன் இருந்திருந்தால் அவருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். மிரட்டியிருக்கலாம், இல்லாவிட்டால் நல்ல இடமாகப் பார்த்துப் பேசி முடித்திருக்கலாம். தண்ணீர் விழுகிற சத்தத்துக்காக மலை ஏறுகிற பெண்ணை என்ன செய்வது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்கு டியூஷன் வாத்தியாரைவிட இதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அதன்பிறகு அக்கா லேப்டாப்பைத் திறந்தால் அம்மா பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு காவல் இருந்தாள். அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தாள். திரையில் ஈசிஜி போலக் கோடுகள்தான் தெரிந்தன. பையனும் இல்லை, கடிதமும் இல்லை என்று அம்மா திருப்தியாக உரித்தாள். ரிசல்ட் பார்க்க அத்தாதான் அக்காவைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனார். மாமாவின் பழைய பென் டிரைவ் அக்காவின் துப்பட்டா முனையில் முடிந்திருந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் அப்படி ஜொலித்தது. நல்ல மார்க்கு, அதனால்தான் என்று நினைத்து அத்தா பூந்தி வாங்கிக் கொடுத்தார். அந்த மார்க்கை வைத்து அவள் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. அடுத்த வருஷம் ஆத்தூரில் நிக்காஹ் ஆயிற்று. லேப்டாப் பீரோவின் மேல் ஏறியது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

என் முறை வந்தபோது, அக்கா ஆத்தூரிலிருந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டு என்னைக் கல்லூரியில் சேர்த்தாள். இப்போது சென்னையில் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினேன். தவளை ஞாபகம் வந்து தேடினால், அது இன்னும் இருந்தது. அருவிவரை ஏறினேன். தண்ணீர் விழுந்தது. விளையாட்டுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று உள்ளே பிரித்து, அந்த ஒலியை மட்டும் எடுத்துத் தனியாகக் கேட்டேன். பக்கத்தில் அக்காவின் பெயரும் கள்ளக்குறிச்சி என்று ஊர்ப் பெயரும் இருந்தன. குரங்கு இல்லை, ஹாரன் இல்லை, வெறும் தண்ணீர். முடியப்போகிற இடத்தில், தண்ணீருக்குப் பின்னால் தூரத்தில் மாமா கேட்டார், எங்கடி அவன் என்று. அக்கா பதில் சொன்னாள். அடுத்து என் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னை வெட்டியிருந்தாள். குரங்கையும் ஹாரனையும் என்னையும் வெட்டத் தெரிந்தவள், அந்த இரண்டு வரிகளை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

உடனே போன் செய்து சண்டை போட்டேன். “உன்ன வாயத் தொறக்காதன்னு சொல்லித்தானடி கூட்டிக்கினு போனேன்” என்று சிரித்தாள். அவளுடைய பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மலை இறங்கும்போது பைக் டாங்கியின்மேல் உட்கார்ந்து, கள்ளக்குறிச்சி வரும்வரை தேம்பித் தேம்பி அழுதேன். இரண்டு பேர் இருக்கும்போது அக்கா ஒரு ஆள் என்று பொய் சொல்லிவிட்டாள், என்னை ஆளாகவே சேர்க்கவில்லை என்று எனக்கு ஆத்திரம். எங்கடி அவன் என்று மாமா கேட்டதற்கு, யாருக்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்றுதான் அர்த்தம். அதற்கு, நான் மட்டுந்தான் என்று அவள் சொன்ன பதில் சரி. எனக்குத்தான் அது எத்தனை பேர் என்கிற கணக்காகக் கேட்டது.