போனஃபைட் கொடுத்த ஆலோசகர்

1. படிவம்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயலுக்கு நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர் ஆலோசகராகச் சேர்ந்தேன். முதல் நாள் முதல்வர் எனக்கான அறையைக் காட்டினார். அவர் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு. உள்ளே உட்கார்ந்து அழுகிற பிள்ளையைக் கல்லூரியே பார்க்கலாம். அவ்வளவு வசதி.

வேலை முறையாக நடக்க வேண்டுமே என்று அன்றைக்கே ஒரு படிவம் தயாரித்தேன். வகுப்பு ஆசிரியர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, 'வருகைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை உருவாக்கிய மேதை நான்தான், தயவுசெய்து மறக்காதீர்கள்.

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. முதல்வருக்கு ஏக சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம், நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்களே சாட்சி."

2. பர்வீன்

மூன்றாம் மாதம் கூத்தாநல்லூர்ப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்து நின்றாள். முதலாண்டு. பர்வீன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கையெழுத்து வாங்க அவளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் அதற்குள் கல்லணையைத் தாண்டியிருக்கும். வகுப்பு ஆசிரியர் வகுப்பிலேயே அறிவித்திருந்தார்: "பர்வீன் கவுன்சிலிங் போகுது. யாரும் கிண்டல் பண்ணக் கூடாது." துறைத்தலைவர் "லவ்வாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அக்கறைதான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். இத மட்டும் வாங்கிக்கங்க" என்று படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு கல்லூரிக்கே வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாது. எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேலேயே.

வீட்டுக்கு போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"காய்ச்சல்னு படுத்தே கெடக்குறா. நீங்க யாருங்க?"

ஆலோசகர் என்று சொன்னால் அந்த அம்மா பயந்துவிடுவார். 'இந்தப் பிள்ளை இங்கே படிக்கிறது' என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"ஆபீஸ்லேருந்துங்க. போனஃபைட் ரெடி. பர்வீன் நேர்ல வந்துதான் வாங்கணும்."

மறுநாள் வந்தாள். கண்ணாடிக் கதவில் பழைய நாளிதழ் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் பேசினாள். பரீட்சை ஹாலில் நுழைந்தால் கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. இரண்டு தாளை வெறுமையாகவே கொடுத்திருக்கிறாள்.

"அத்தா சவுதியிலேருந்து தெனம் கேக்குறாங்க மேடம். நல்லா எழுதுனேன்னே சொல்லிட்டிருக்கேன்."

எழுந்தபோது, "போனஃபைட் எங்க மேடம்?" என்றாள்.

"அதுக்கு இன்னும் நாலஞ்சு தடவை வரணும்."

முதல் தடவையாகச் சிரித்தாள்.

3. சீல்

ஆபீஸில் வேலைப்பளு என்று சொல்லி போனஃபைட் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். முதல்வர் யோசிக்கவே இல்லை. அப்புறம் என் வாசலில் வரிசைதான். பாதிப் பேருக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. பர்வீன் அந்த செமஸ்டரில் எல்லாத் தாளும் எழுதினாள். ஒன்றில் அரியர். அந்த அரியரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்திதான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் முதல்வர் பேசினார்: "கவுன்சிலிங்ல மேடத்துக்குப் பெருசா வேலை இல்லாமப் போச்சு. ஆனா போனஃபைட்ட பிரமாதமா பாத்துக்கிட்டாங்க." நானும் கைதட்டினேன்.

என் படிவம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறதாம், நல்ல காகிதத்தில். அந்த நாற்காலிக்குப் புதிதாக வருபவருக்கு ஒன்று சொல்வேன்: முதலில் அந்த போனஃபைட் சீலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காரணம் சொல்லாமல் உள்ளே வர ஒரு காரணம் வேண்டும்.