‘வர மறுத்தார்’ என்று நான் எழுதவில்லை

மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் போவதுதான் என் வேலை. ஹெச்.ஐ.வி. மருந்து வாங்க மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவர்கள் வராமல் போனால் பட்டியல் என் கைக்கு வரும். ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் நான்தான் போவேன். அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, தெரிந்தவள் போலக் கதவைத் தட்டுவேன். நானும் பன்னிரண்டு வருஷமாக அதே மாத்திரையை விழுங்குகிறவள்தான்.

கோவில்பதாகையில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மருந்து வாங்க வந்து மூன்று மாதமாகியிருந்தது. இரண்டு முறை போனபோது அவளுடைய அண்ணி, "அவ ஊட்ல இல்ல" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். மூன்றாம் முறை அவளே வந்து, "இனிமே வராதக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"மூணு தடவ போயாச்சுல்ல? ‘வர மறுத்தார்’னு எழுதி முடிச்சிடுங்க" என்றார் மேலதிகாரி. விதி அப்படித்தான்.

"எழுத மாட்டேன் சார். அவ ஏன் மறுத்தான்னு எனக்கு இன்னும் தெரியாது."

நான் படிவத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஷிப்ட் விடும் நேரத்தில் அவள் கம்பெனிக்கு எதிரே நின்றேன். கூட வந்த பெண்கள் பிரிந்து போகும்வரை பின்னாலேயே நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தவள், "இங்கியும் வந்துட்டியா?" என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். விடாமல் இருமினாள்.

டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தபிறகுதான் பேசினாள்.

"மாத்திர டப்பாவ அண்ணி பாத்துடுச்சுக்கா. அன்னிலேர்ந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு. கொயந்தைங்களத் தொட உடல. ஒரு நாளு அது கண்ணு முன்னாடியே டப்பாவக் குப்பையில போட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். மறுநாளே என் தட்டு மத்த தட்டோட சேந்துடுச்சு. சின்னது வந்து மடியில குந்திச்சு. அத உட்டுட்டு வரச் சொல்றியா?"

எனக்கும் தட்டைத் தனியாக வைத்தவர்கள் இருந்தார்கள். கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை.

"உசுரக் குடுத்து அந்தத் தட்ட வாங்கிகினு கீற" என்றேன். "நீ போய்ட்டா அந்தக் கொயந்த யாரு மடியில குந்தும்?"

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "உன்னிய யாரு சேத்துகினாங்க?"

"யாரும் சேத்துக்கல. நானே வெளிய வந்துட்டேன். இப்ப என் ஊட்ல நான் ஆக்குறேன். புடிச்சவங்க வந்து துன்றாங்க."

சனிக்கிழமை காலையில் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. முதலில் அதற்கு மருந்து, பிறகு பழைய மாத்திரை. குமட்டலில் இரண்டு வாரம் சுருண்டு கிடந்தாள். அண்ணி மறுபடி தட்டைப் பிரித்தபோது, இந்த முறை அவள் டப்பாவைக் குப்பையில் போடவில்லை. வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட ஒற்றை அறை கிடைத்ததும் துணி மூட்டையோடு கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அண்ணி இதுவரை வந்ததில்லை.

கம்பெனியிலும் ஒரு சண்டை நடந்தது. மாதம் ஒரு நாள் லீவு எதற்கு என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

"டாக்டரப் பாக்கணும் சார்."

"மாசா மாசமா? அப்டி இன்னா வியாதி?"

"அத உங்களாண்ட சொல்லியே ஆவணும்னு சட்டம் இல்ல சார். லீவு குடுக்க முடியாதுன்னா எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. லீவுதான் கொடுத்தார். இதை அவள் போனில் சொன்னபோது நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில், அவள் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. போன மாதம் என் மாத்திரையை வாங்க நான் தாமதமாகப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அவள்தான் நின்றிருந்தாள். திரும்பி, என் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"நேத்தே வந்திருக்கணும் நீ" என்றாள். "ஊரையெல்லாம் தேடிகினு போற. உன்னிய யாரு தேடிகினு வர்றது?"