வைரஸுக்கு நான் தாய்மாமன் இல்லை

என் மனைவி என் அக்கா மகள். அதனால் எங்கள் வீட்டில் மாமியார் என்று தனியாக யாரும் கிடையாது. அக்காவே புத்தலப்பட்டிலிருந்து வந்து அந்த வேலையையும் பார்த்துவிட்டுப் போவாள். எங்கள் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது அக்கா பாடு திண்டாட்டமாகிவிட்டது. தம்பியைத் திட்டுவதா, மகளைத் திட்டுவதா?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பிரசவத்துல இவளுக்கு ரத்தம் ஏத்துனாங்களே, அதுல வந்து எனக்கும் ஒட்டிக்கினு இருக்கும்" என்று எடுத்துவிட்டேன். மாங்காய் சீசனில் பெங்களூர் மண்டியில் தங்கியிருந்தபோது நான் போன இடமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளே என்று பயம்.

அக்கா போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தாள். "வைரஸோட ஜீனைப் பாத்தா யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சிடுமாம்டா. நாளைக்கே திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

சித்தூரில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்து, சந்திரகிரி வரும்போது ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு சமோசா வாங்கித் தின்றேன்.

டாக்டரம்மா அக்கா சொன்னதைக் கேட்டு முடிப்பதற்குள் முந்திக்கொண்டேன். "மேடம், ரெண்டு பேர் வைரஸும் ஒரே மாதிரி கீதுன்னு வந்தா நம்பாதீங்க. நான் இவளுக்குத் தாய்மாமன். எங்க ரத்தமே ஒண்ணு, ஒத்துத்தான் போவும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். "அதி காதண்டி, அப்படி இல்லீங்க. நீங்க சொந்தம்னு வைரஸுக்குத் தெரியாது. அதுக்குத் தனி வம்சம்."

"அப்ப அதுங்க ரெண்டும் பங்காளிங்களா, சம்பந்திங்களா?" என்று அக்கா கவலையோடு கேட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இரண்டு வைரஸும் நெருங்கிய சொந்தமா என்று பார்க்கலாம். ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது ஆள் ஒருவரிடமிருந்து இரண்டு பேருக்கும் வந்திருந்தாலும் இப்படித்தான் ஒத்துப்போகும். "யார் மேல குத்தம்னு கண்டுபிடிக்க நாங்க டெஸ்ட் எடுக்கறதில்ல. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரைய விடாம போடுங்க, நல்லா இருப்பீங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் எல்லோருக்கும் நெய் தோசை வாங்கித் தருவதாக அறிவித்தேன். ஓட்டலில் அக்கா கைகழுவ எழுந்து போனாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமில்ல மாமா?"

"தெரியும். நான்தான்," என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அந்த ரத்தம் ஏத்தலைன்னா நான் அன்னிக்கே செத்திருப்பேன். போயும் போயும் அது மேலயா பழியப் போட்ட? உங்கூட இருக்கறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல எங்கம்மாகிட்ட நீயே சொல்லு."

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா" என்றேன்.