கருகமணிக்கு எதிரே போனவன்

முஸ்தகீம் அறிமுகமானது ஆவடியில், ரயில்வே தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு மாடி அறையில். அவன் கால் ஆட்டினால் பெஞ்சே ஆடும். அவனும் எங்களில் சிலரைப் போல வீட்டின் முதல் பட்டதாரி. எதிரெதிரே வரும் வண்டிகளின் வேகத்தைக் கூட்டும் கணக்கென்றால், வாத்தியார் பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவான்.

அந்தக் கணக்கு அவன் அண்ணன் முதஸ்ஸிரின் நிக்காஹ் அன்று சாலைக்கு வந்தது.

மண்டபம் ஆவடியில். மாப்பிள்ளை வீட்டார் பூந்தமல்லியிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான், மணப்பெண்ணுக்குக் கட்ட வேண்டிய கருகமணி வீட்டு பீரோவிலேயே இருப்பது தெரிந்தது. பீரோ சாவியை யாரிடமும் கொடுத்துப் பழகாத அவன் தகப்பனார், அத்தா என்று அவன் அழைக்கும் ஹாஜா மொய்தீன், தாமே மொபெட்டில் கிளம்பிப் போனார்.

“பிரியாணி அண்டாவ மறக்காம ஏத்திகினு வந்துட்டீங்க, கருகமணி மட்டும் மறந்துபோச்சாமா?” என்றார் பெண்ணின் பெரியம்மா. முஸ்தகீமின் அம்மா அஷ்ரஃபுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருகமணி வராமல் பெண்ணை மேடைக்கு அனுப்ப மாட்டோம் என்றது பெண் வீடு. “எனக்குப் பட்டாபிராம்ல இன்னொரு நிக்காஹ் இருக்கு தம்பி. அரை மணியெல்லாம் தாங்காது” என்றார் நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத்.

முஸ்தகீமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேடைக்கும் நடந்தான். போன் அடித்தது.

“எடுத்துகினு கெளம்பிட்டேன்டா.”

“நானும் எதிர வரேன் அத்தா!”

பைக்கை உதைக்கும்போதே மனம் கணக்குப் போட்டது. பத்து கிலோமீட்டர். அத்தாவின் மொபெட் இருபதில் உருளும்; இவன் நாற்பதில் போவான். கூட்டினால் அறுபது, பத்தாவது நிமிடத்தில் சந்திப்பு, திரும்ப இன்னொரு பத்து. அத்தா தனியாக வந்தால் அரை மணி ஆகும்.

பருத்திப்பட்டு தாண்டியது. எதிரே வரும் மொபெட்டையெல்லாம் உற்றுப் பார்த்தான். தண்ணீர் கேன் வண்டி, கீரைக்கட்டு வண்டி. சந்திக்க வேண்டிய இடமும் வந்தது, அத்தா இல்லை. லாரி மறைத்ததில் தவறவிட்டோமா? போன் போட்டான்; சாலை இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ, அத்தா எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போய், மனம் கேட்காமல் மறுபடி திருப்பினான்.

சென்னீர்குப்பம் டீக்கடை வாசலில், மொபெட்டுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அத்தா சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா அத்தா, இங்க நின்னுகினு கீற?”

“நீதான எதிர வரேன்னே? ரெண்டு பேரும் ஓடிகினே இருந்தா எப்டிடா பாத்துக்கிறது? ஒருத்தன் நின்னாதான கண்ணுல படுவான்?”

முஸ்தகீம் கருகமணி டப்பாவை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். “ஏறு அத்தா, பின்னால.”

“வண்டிய எவன் பாத்துப்பான்? நீ பறடா, நான் வந்துடுவேன்.”

பறந்தான். மண்டப வாசலில் ஹஜ்ரத் வண்டியைக் கிளப்பி வெளியே வந்துகொண்டிருந்தார். நேர் எதிரே போய் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தி, டப்பாவைத் தூக்கிக் காட்டினான். ஹஜ்ரத் சலித்துக்கொண்டே இறங்கினார். அத்தாவுக்காகக் காத்திருக்க மட்டும் அவர் ஒப்பவில்லை.

ஹாஜா மொய்தீன் வந்தபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. “கட்டிட்டாங்களாடா?” என்று கேட்டார். முஸ்தகீம் தலையாட்டினான். “அப்ப சரி” என்று கை கழுவப் போனார்.

முஸ்தகீம் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் பார்க்கிறான். ரயில்வே தேர்வை இரண்டாம் முறை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கிறான்.