ஏணி படாத சில்லு

அரண்மனையில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சில்லு' என்றால் வாசல் காவலாளியே கூட வந்து வழிகாட்டுவார். ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வெட்ட வந்த மனிதர். அந்த வேலை முடிந்தும், புனரமைப்பைக் கவனிக்கும் பொறியாளரம்மா அவரை விடவில்லை. பழைய சுவர்களில் விரிசல் கண்ட இடமெல்லாம் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒட்டச் சொன்னார். சுவர் மயிரிழை அசைந்தாலும் சில்லு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் அறுபத்து மூன்று. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் ஏணியும் கையுமாக அவற்றைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் உத்தியோகம்.

"ராஜாகூட இத்தனை அறைக்குள்ள தினம் போயிருக்க மாட்டாரு" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

"அவருக்கு உங்களை மாதிரி முட்டிவலி இருந்திருக்காது" என்பாள் அவள்.

தர்பார் மண்டபத்து நடு வளைவைப் பிரித்துக் கட்டியவன் அவள் தம்பி, தலைமைக் கொத்தன். சுண்ணாம்புக் கட்டு ஆற அமரத்தான் இறுகும். அதிகாரிகளுக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாது. திறப்புத் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். வளைவுக்கு அடியில் கொடுத்திருந்த தாங்குமரங்களை எடுத்த பத்தாம் நாள், அதன் இடது காலில் இருந்த சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. திறப்புக்கு ஐந்தே நாள் பாக்கி.

சேதி காதில் விழுந்ததும் மச்சினன் ஓடி வந்தான்.

"மாமா, ஏணி பட்டு உடைஞ்சதுன்னு எழுதிடுங்க."

"படலையே, மாப்ளே."

"உங்களை யாரு என்ன சொல்லிடப் போறாங்க? என் வளைவு அசையுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

சின்ன வயதில் அவர் தோளிலேயே வளர்ந்த பயல். அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனால் அந்த வளைவுக்குக் கீழேதானே நானூறு நாற்காலி போடப்போகிறார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம், அது தலையில் விழுந்தால் என்ன செய்வது?

"புதுசா ஒண்ணு ஒட்டுறேன். மண்டபத்தைப் பூட்டி, ஏணியையும் சாவியையும் நீயே வச்சுக்க. நாளைக்கு நீயே ஏறிப் பாரு. நீ பார்த்ததை எழுதுறேன்."

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி காரணம் கேட்டாள். முட்டிவலி என்றார்.

காலையில் மச்சினன்தான் ஏறினான். ஏறியவன் வெகுநேரம் இறங்கவில்லை. புதுச் சில்லும் இரண்டாகப் பிளந்திருந்தது. இறங்கிய பிறகும் தரையையே பார்த்தான்.

"எழுதுங்க மாமா. தாங்குமரம் இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கணும். தேதிக்குப் பயந்து எடுத்துட்டேன். அதையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினார். பொறியாளரம்மா மச்சினனை வாங்கு வாங்கென்று வாங்கினார். தாங்குமரங்கள் திரும்ப ஏறின, திறப்பு தள்ளிப்போனது. விரிந்த இணைப்புகளை மச்சினனே கொத்தியெடுத்துத் திரும்பப் பூசினான்.

மூன்று மாதம் கழித்து மரங்களை எடுத்துவிட்டுப் புதுச் சில்லு ஒட்டினார்கள். அதன்பின் தினமும் காலையில் மாமா ஏற, மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பத்தாம் நாள் மேலே இருந்து குரல் வந்தது.

"முழுசா இருக்குடா."

மச்சினனுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள ஏணியிலிருந்து கையை எடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை.